செண்டுமல்லி வேரில் நடக்கும் வேலை

துளசி, புதினா, கறிவேப்பிலைத் தொட்டிகளுக்கு நடுவே ஒரு செண்டுமல்லி. நம் சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரங்களில் அடிக்கடி பார்க்கும் காட்சி. "அது இருந்தா பூச்சி அண்டாது" என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் தனித்தனித் தொட்டிகளில் அந்த உண்மைக்குப் பெரிதாக வேலை இல்லை.

செண்டுமல்லிக்கு ஆகாத முக்கிய எதிரி வேர்முடிச்சு நூற்புழு. கண்ணுக்குத் தெரியாத இந்தப் புழு துளசி வேருக்குள் புகுந்து சாற்றை உறிஞ்சும். செடி வெளுக்கும், மண் ஈரமாக இருந்தாலும் உச்சி வெயிலில் துவளும். அப்படிப்பட்ட செடியைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். பாசிமணி கோத்ததுபோல் முடிச்சு முடிச்சாக வீங்கியிருக்கும். செண்டுமல்லி வேரிலோ ஆல்ஃபா-டெர்தைனில் என்ற கந்தகச் சேர்மம் உண்டு. அது நூற்புழுவைக் கொல்லும் என்பதை 1958-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் யூலன்புரூக்கும் பெய்லோவும் காட்டினார்கள். வேரைத் துளைக்க வரும் புழுவின் உடலில் இச்சேர்மம் ஆக்ஸிஜனேற்றத் தாக்குதலைத் தூண்டிவிடுகிறது.

இதெல்லாம் நடப்பது வேருக்குள்ளும் வேரை ஒட்டியும்தான். பக்கத்துத் தொட்டித் துளசிக்கு அதனால் பயனில்லை. நூற்புழு கண்ட மண்ணில் செண்டுமல்லியை மட்டும் நெருக்கமாக நட்டு, இரண்டு மாதமாவது வளர்த்துவிட்டு, பிறகு துளசி வைக்க வேண்டும். சிறு தொட்டி என்றால் மண்ணையே மாற்றிவிடலாம். தேசியப் பூங்காக் கழகம் 3 ஆண்டுக் குத்தகைக்குத் தரும் 2.5 மீட்டர் நீளப் பாத்திகளில்தான் இந்த முறை நன்றாகக் கைகொடுக்கும்.

மண்ணுக்கு மேலே கதை வேறு. செண்டுமல்லி மணத்திலுள்ள லிமோனீன், தக்காளியிலிருந்து வெள்ளை ஈக்களை விலக்குவதாக 2019-இல் இங்கிலாந்தின் நியூகாசல் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. ஆனால் அது கண்ணாடிக்குடிலில் நடந்த ஆய்வு. காற்று வீசும் பத்தாவது மாடியில் அந்த அளவுக்கு எதிர்பார்க்க முடியாது.

தாழ்வாரத் தோட்டத்துக்கு நான் சிபாரிசு செய்வது கொத்துமல்லிப் பூவை. நம் வெக்கையில் கொத்துமல்லி சீக்கிரமே தண்டு விட்டுப் பூத்துவிடும். இனி இலைக்கு ஆகாதென்று பலரும் பிடுங்கிவிடுகிறார்கள். இரண்டு செடிகளையாவது விட்டுவையுங்கள். அந்தக் குட்டிப் பூக்களில் தேன் ஆழத்தில் இல்லை. வாய் குட்டையான மிதவை ஈக்களும் (பூமேல் அந்தரத்தில் மிதப்பதுபோல் பறப்பவை) பொடி ஒட்டுண்ணிக் குளவிகளும் எளிதில் குடிக்கும். குடித்த மிதவை ஈ, செடிச் சாற்றை உறிஞ்சும் பொடிப் பூச்சியான அசுவினி மொய்க்கும் கொழுந்தருகே முட்டையிடும். அதிலிருந்து வரும் காலில்லாத புழு ஒவ்வோர் அசுவினியாகப் பிடித்து உறிஞ்சித் தின்னும். அது பச்சையாக, நத்தைபோல் ஊர்வதால் பலர் கெட்ட புழு என்று நசுக்கிவிடுகிறார்கள். அதைப் பார்க்கவே வருத்தமாக இருக்கும்.

துளசியிலும் ஒரு செடியைப் பூக்க விட்டு, மற்றவற்றின் கதிரைக் கிள்ளிவிடுங்கள். கதிர் முற்றினால் புது இலை குறையும். பூச்சிமருந்து மட்டும் அடிக்காதீர்கள், மிதவை ஈயும் சேர்ந்து சாகும். அசுவினி அதிகமானால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினாலே போதும். வழிந்த தண்ணீரைத் தொட்டித் தட்டில் தேங்க விடாமல் உடனே கொட்டிவிடுங்கள். ஏடிஸ் கொசு முட்டை ஒரு வாரத்திலேயே கொசுவாகிவிடும்.