போத்தலில் வந்த பல்லி

"டொக்டர், பிள்ளை பல்லி விழுந்த பாலைக் குடிச்சுப்போட்டான்." இலங்கையின் வன்னியில் இரவுக் கடமை பார்த்தவர்களுக்கு இந்தக் குரல் பழகியது. ஆதாரத்துக்கு ஜாம் போத்தலில் பல்லியும் கூடவே வரும். வீட்டில் பருக்கிய உப்புத் தண்ணீரில் பிள்ளை துவண்டு கிடப்பான்.

வீட்டுப் பல்லியின் இனத்தில் எதற்கும் விஷம் கிடையாது. எச்சத்தில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். பாலைக் கொட்டிவிட்டு, வயிற்றோட்டம், காய்ச்சல் வருகிறதா என்று சில நாள் கவனித்தால் போதும். உப்புத் தண்ணீர் மட்டும் வேண்டாம். இரத்தத்தில் உப்பு ஏறினால் வலிப்பு வரை போகும்.

சரி, போத்தலைத் தூக்கி அடியில் டோர்ச் அடித்துப் பாருங்கள். விரலுக்குக் கீழே நடுவில் பிளந்து இரண்டு வரிசையாக மடிப்புகள் தெரிந்தால், ஹெமிடாக்டைலஸ் பேரினம், அதாவது நெருங்கிய இனங்களின் ஒரு கூட்டம். நம் சுவர்களில் 'சிக் சிக்' என்பதும் அதுதான்.

இலைவிரல் பல்லிகளுக்கோ விரல் நுனியில் மட்டும் இலை போல இரண்டு தட்டு, இடையில் நகம். அந்த விரலை வைத்து 1828-இல் கிரே என்பவர் ஃபில்லோடாக்டைலஸ் என்ற பேரினத்தை அமைத்தார். அப்புறம் ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, ஆசியா என்று எங்கே இலைவிரல் கண்டாலும் அந்தச் சாக்குக்குள்தான் போட்டார்கள். பின்னால் ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியதாயிற்று. 1997-இல் தாய்லாந்துப் பக்கத்து இலைவிரல் பல்லிகளைத் தனியே எடுத்து, ஆய்வாளர் ஜேம்ஸ் டிக்சனைக் கௌரவித்து டிக்சோனியஸ் என்று பெயர் வைத்தார்கள். ஃபில்லோடாக்டைலஸ் இப்போது அமெரிக்கக் கண்டத்துப் பல்லிகளுக்கு மட்டும். வேடிக்கை என்னவென்றால், டிக்சோனியஸ் நம் சுவர்ப் பல்லியின் குடும்பம்; விரல் ஒத்துப்போகும் மெக்சிக்கோவின் ஃபில்லோடாக்டைலஸ் வேறு குடும்பம்.

படித்தவர்களே விரலைப் பார்த்து ஏமாந்த கதை இது. நம் ஆட்கள் சுவரைப் பார்த்து ஏமாறுகிறார்கள். இரவில் பாயில் படுத்திருக்கும்போது சுருக்கென்கிறது, எழுந்து பார்த்தால் சுவரில் பல்லி. "பல்லிதான் கடிச்சது" என்று திரும்பப் படுத்துவிடுவார்கள். கடித்தது பாம்பாக இருக்கலாம். எட்டடி விரியன் என்ற கட்டுவிரியன் பாம்பின் கடி பெரிதாக வலிக்காது, பல் தடமும் பல நேரம் தெரியாது. பிறகு வயிற்று வலி வரும், கண் இமை விழும், கடைசியில் மூச்சு. தரையில் படுத்தவருக்கு இரவில் ஏதும் தைத்தால், பல்லி கண்ணில் பட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

விடியப்புறம் ஒருவர் போத்தலோடு வந்தார். உள்ளே உயிரோடு ஒரு பல்லி. "இதுதான் டொக்டர்" என்று நீட்டியவருக்கு இரண்டு இமையும் பாதி விழுந்திருந்தன. போத்தலை மேசையில் வைத்துவிட்டு விஷமுறிவு மருந்துக்கு ஆளனுப்பினோம்.