புரோகிராமில் நேரத்தைக் குறைத்தால் சூளை சீக்கிரம் ஏறாது

"கன்ட்ரோலர் கெட்டுப்போச்சு, வேற மாட்டிக் குடுங்கண்ணே." காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் எந்தப் பட்டறையிலிருந்து போன் வந்தாலும் இதே பேச்சுதான். போன வாரமும் மின்சூளையில் வைத்த மண் சாமான் சரியாக வேகாமல் வந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால், சூளையின் சூட்டைக் கட்டுப்படுத்தும் அந்தக் கன்ட்ரோலரில் ஒரு குறையும் இல்லை. ஆர்டர் அவசரம் என்று புரோகிராமின் முதல் செக்மென்டில், அதாவது சூடேறும் முதல் கட்டத்தில், இருந்த நான்கு மணி நேரத்தை யாரோ இரண்டாக்கி வைத்திருக்கிறார்கள். சுடாமல் செய்யும் ஆத்தங்குடித் தரைக்கல் என்றால் தண்ணீர்த் தொட்டியும் வெயிலும் போதும். மண் சாமானுக்கு நெருப்பு வேண்டுமே!

புரோகிராமில் எழுதும் நேரம் ஹீட்டருக்குத் தெரியாது. அதன் கிலோவாட்டுக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவுதான் சூடேற்றும். இரண்டு மணி நேரத்தில் 1000 டிகிரி என்று போட்டால் செட் பாயின்ட் (கன்ட்ரோலர் எட்டப் பார்க்கும் இலக்கு வெப்பம்) மட்டும் சொன்ன நேரத்தில் 1000-க்குப் போய் நிற்கும். ஹீட்டருக்குப் போகும் அவுட்புட் 100 சதவீதத்தில் இருந்தும் சூளை 600, 700-இல் திணறிக்கொண்டிருக்கும். அதற்குள் சோக் நேரம் (உச்ச வெப்பத்தில் அப்படியே வைத்திருக்கும் நேரம்) ஓட ஆரம்பித்துவிடும். அரை மணி சோக் முடிந்ததும் புரோகிராம் 'எண்ட்' காட்டும். சாமான் 1000 டிகிரியைப் பார்த்திருக்கவே பார்த்திருக்காது. செட் பாயின்ட்டை 1100 ஆக்கினாலும் இதே கதைதான். ஏற்கெனவே முழு மூச்சில் ஓடும் ஹீட்டர் இன்னும் எங்கே வேகமாக ஓடும்?

இதற்காகத்தான் பல கன்ட்ரோலர்களில் ஹோல்ட்பேக் வைத்திருக்கிறார்கள். உள் வெப்பம் பின்தங்கினால் புரோகிராம் நின்று காத்திருக்கும். மெனுவில் அதை ஆன் செய்யுங்கள். அப்படியே நேர அலகையும் பாருங்கள். மணி:நிமிடமா, நிமிடம்:விநாடியா? 2.00 என்பது ஒன்றில் இரண்டு மணி நேரம், இன்னொன்றில் வெறும் இரண்டு நிமிடம்.

ரன்னில் இருக்கும்போது புரோகிராமில் கை வைக்காதீர்கள். சில மாடல்களில் மாற்றம் அந்த நொடியே அமலுக்கு வரும், சிலவற்றில் அடுத்த ஓட்டத்தில்தான். நிறுத்திவிட்டு மாற்றுங்கள். மாற்றும் முன் பழைய எண்களை நோட்டில் எழுதுங்கள், போனில் ஒரு படமாவது எடுங்கள். மாற்றியபின் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டுங்கள். அந்தப் பாஸ்வேர்டை ஷிப்டுக்கு ஷிப்ட் சுவரில் எழுதி வைத்தால் பூட்டி என்ன பயன்?

சூளைக்குள் வெப்பத்தை அளக்கும் தெர்மோகப்பிளை மாற்றினால் மெனுவில் இன்புட் வகையையும் சரிபார்க்க வேண்டும். கே வகையை மாட்டிவிட்டு மெனுவில் ஜே என்று விட்டிருந்தால், உள்ளே 800 டிகிரி இருக்கும்போது திரை 600 சொச்சம்தான் காட்டும். ஏறவில்லையே என்று கன்ட்ரோலர் மேலும் மேலும் கொளுத்தும்.

கரண்ட் போய் வந்தால் புரோகிராம் விட்ட இடத்திலிருந்து தொடருமா, முதலிலிருந்து ஓடுமா, ஹோல்டில் நிற்குமா? அதற்கும் ஒரு செட்டிங் உண்டு. நம்ம ஊர் கரண்டை வைத்துக்கொண்டு அதைப் பார்க்காமல் விடலாமா?

அப்புறம், ஹீட்டருக்குக் கரண்டை விட்டு நிறுத்தும் எலக்ட்ரானிக் சுவிட்சான எஸ்எஸ்ஆர் பழுதானால் பெரும்பாலும் ஷார்ட்டாகத்தான் நிற்கும். கன்ட்ரோலர் நிறுத்தச் சொன்னாலும் ஹீட்டருக்குக் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். தனித் தெர்மோகப்பிளோடு ஒரு ஓவர் டெம்பரேச்சர் கட்டவுட் வைத்து, சூடு எல்லை மீறினால் அது மெயின் கான்டாக்டரை (ஹீட்டருக்கான மெயின் கரண்ட் சுவிட்சை) பிரிக்கும்படி வயரிங் செய்யுங்கள். ராத்திரி சூளையை ஓடவிட்டு ஆளை வீட்டுக்கு அனுப்புகிறவர்கள் இதைத் தயவுசெய்து இந்த வாரமே செய்துவிடுங்கள்.