சிமெண்ட் சட்டியைக் கீழே வையுங்கள்

சிமெண்ட் வைத்துக் கெடுத்த பழைய கட்டடங்களில் இந்த மாதம் நான் பார்க்கும் மூன்றாவது இது. இங்கிலாந்தின் பர்மிங்காமில் விக்டோரியா காலத்துப் பள்ளிக்கூடம். சாரல் அடிக்கிற பக்கத்துச் சுவரில் விரலை வைத்தேன். செங்கல்லின் முகம் பட்டை பட்டையாக உரிந்து கையோடு வந்துவிட்டது. சுற்றியிருந்த சிமெண்ட் பாயிண்டிங்குக்கு, அதாவது செங்கற்களுக்கு நடுவே உள்ள இடுக்கில் அடைத்த பூச்சுக்கு, ஒரு கீறல்கூட இல்லை. நூற்று நாற்பது வருஷம் புகையும் பனியும் தாங்கிய செங்கல் அது. வயிறு எரிகிறது.

1870 கல்விச் சட்டத்துக்குப் பிறகு இந்த ஊர்ப் பள்ளி வாரியம் கட்டிய பள்ளிகள் இவை. பெரும்பாலும் மார்ட்டின் அண்ட் சேம்பர்லேன் என்ற கட்டடக்கலை நிறுவனத்தின் கைவேலை. சிவப்புச் செங்கல், கூர்வளைவு, சுடுமண் பூவேலை. உயரமான கோபுரத்தைப் பார்த்துச் சர்ச் என்று நினைப்பவர்கள் உண்டு. அது காற்றோட்டத்துக்காகக் கட்டியது. ஊசெல்ஸ் தெருவில் 1877இல் கட்டிய பள்ளியின் கோபுரத்தை இடித்தே விட்டார்கள். ஐகான் ஓவியக்கூடம் அங்கே வந்தபோது, 1990களில், திரும்பக் கட்ட வேண்டியதாயிற்று.

சரி, சுவருக்கு வருகிறேன். இந்தப் பழைய சுவர்களின் இடுக்கில் முதலில் வைத்தது சுண்ணாம்புக் கலவை. எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "சுண்ணாம்பு உதிருது, சிமெண்ட் வெச்சா ஸ்ட்ராங்கா இருக்கும்." இல்லை, இல்லவே இல்லை. சுண்ணாம்பு உதிர்வது அதன் பலவீனம் அல்ல, அதன் வேலை. மழையில் சுவர் குடிக்கிற ஈரம் மிருதுவான அந்த இடுக்கு வழியாகத்தான் வெளியேறும். உப்பும் அங்கேதான் பூக்கும், உதிர்வதும் அந்தக் கலவைதான். பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை சுரண்டிவிட்டுப் புதுச் சுண்ணாம்பு வைத்தால் போதும், செங்கல் தப்பித்துவிடும். இடுக்கைச் சிமெண்டால் அடைத்தால் ஈரம் செங்கல் வழியாகத்தான் வந்தாக வேண்டும். டிசம்பரில் அது உள்ளேயே உறையும், முகம் தெறிக்கும். இடுக்குக்குக் கலவை மாற்றலாம். அதே செங்கல்லுக்கு எங்கே போவீர்கள்?

உள்ளே ஓதம் என்றால் முதலில் மழைநீர்க் குழாயையும் கூரை ஓரத்து வடிகாலையும் பாருங்கள். பாதி நேரம் அங்கே ஒரு செடி முளைத்து நிற்கும். சுவருக்கு நீர்புகா பெயிண்ட் அடிக்காதீர்கள். கரியைப் போக்க மணல் பீய்ச்சாதீர்கள். சுடுமண்ணின் மேல்தோல் போனால் திரும்ப வராது. பாரம்பரியக் கட்டடம் என்று அரசு பட்டியலிட்டது என்றால், அனுமதி இல்லாமல் அதன் தன்மையை மாற்றும் வேலை செய்வது இங்கே குற்றம், தெரியுமா?

மேஸ்திரி சாரம் கட்டுவதற்கு முன் ஒரு சாவியால் இடுக்கைக் கீறிப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் சுண்ணாம்பு. அதற்குச் சுண்ணாம்பே வையுங்கள், தயவுசெய்து. சிமெண்ட் ஏற்கெனவே ஏறியிருந்தால் மெஷின் வைத்து அறுக்கச் சொல்லாதீர்கள், செங்கல் விளிம்பும் சேர்ந்து போகும். முதலில் ஒரு முழம் இடத்தில் உளியால் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.