வாசகராற்றுப்படை: 'ரீடர்ஸ் அட்வைசரி'க்கு ஒரு தமிழ்ச் சொல்

கோலாலம்பூர் செந்தூலில், ஓர் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் குடியிருப்பாளர்களே நடத்தும் வாசிப்பறை ஒன்று இருக்கிறது. சனிக்கிழமைகளில் முகப்பு மேசையில் உட்காருவது என் முறை. போன மாதம் அந்த மேசைக்கு ஒரு பலகை செய்யலாம் என்று பேச்சு வந்தது. 'ரீடர்ஸ் அட்வைசரி' என்று ஆங்கிலத்தில் எழுதியாகிவிட்டது. தமிழுக்கு வந்ததும் பேனா நின்றது. ஒருவர் 'வாசகர் ஆலோசனைச் சேவை' என்றார். பக்கத்தில் இருந்தவர், "கடன் தீர்க்க வழி கேட்டுப் போற இடம் மாதிரி இருக்குண்ணே" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் நியாயம் இருந்தது.

நூலகத்துக்கு வருபவர் ரசித்துப் படிக்கக்கூடிய புத்தகத்தை அவரோடு பேசிக் கண்டுபிடிப்பதுதான் இந்தச் சேவை. தகவல் தேடித் தருவது வேறு வேலை. "பாஸ்போர்ட் புதுப்பிக்க என்னென்ன வேணும்?" என்றால் சரியான விடை ஒன்று உண்டு. "படிக்க நல்லதா ஏதாச்சும் குடுங்க" என்பதற்கு அப்படி ஒன்று கிடையாது.

இந்தப் பெயர் 1920களில் அமெரிக்கப் பொது நூலகங்களில் வேரூன்றியது. சிகாகோ, டெட்ராய்ட் நூலகங்களில் இதற்கென்றே ஆள் வைத்தார்கள். அப்போது அது முதியோர் கல்வியோடு ஒட்டிய வேலை. வாசகரை உட்காரவைத்துப் பேசி, இன்னின்ன நூலை இந்த வரிசையில் படியுங்கள் என்று எழுதிக் கொடுப்பார்கள். கிட்டத்தட்ட மருந்துச் சீட்டு. அறிவுரை என்ற பெயர் அதற்குப் பொருந்தியது. பிறகு அந்த வேலை மங்கி, 1980களில் மீண்டும் துளிர்த்தபோது நோக்கம் மாறியிருந்தது. வாசகரைத் திருத்துவது போய், அவர் ரசனைக்குத் துணை நிற்பது வந்தது. ஜாய்ஸ் சாரிக்ஸும் நான்சி பிரவுனும் 1989-இல் எழுதிய கையேடு, கதை எதைப் பற்றியது என்பதோடு நிற்காமல், எந்த வேகத்தில் ஓடுகிறது, மாந்தர் எப்படிப்பட்டவர்கள் என்றும் பார்க்கச் சொன்னது. வேலை மாறியது, பெயர் மட்டும் பழையபடியே தங்கிவிட்டது.

அது எப்படிப்பட்ட வேலை என்பதை எனக்குக் காட்டியவர் எங்கள் அடுக்குமாடிப் பாட்டி ஒருவர். பரிசு வாங்கிய கனமான நாவல் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். இரண்டே நாளில் திரும்பி வந்துவிட்டது. "நல்லாத்தான் எழுதியிருக்காங்க தம்பி. ஆனா ஒரே அழுவாச்சி." அப்போதுதான் கேட்க வேண்டியதைக் கேட்டேன்: "கடைசியா எந்தக் கதையைக் கீழ வைக்காம படிச்சீங்க பாட்டி?" தோட்டத்தில் பிறந்த ஒருத்தி பட்டணத்துக்கு வந்து தோசைக் கடை போட்டு ஆளான கதையைக் கால் மணி நேரம் சொன்னார். தோட்டக் கதை வேண்டுமாக்கும் என்று நினைத்தேன். இல்லை. விறுவிறுப்பு வேண்டும், கடைசியில் பெண்பிள்ளை நிமிர்ந்து நிற்க வேண்டும். தோட்டம் தற்செயல்தான்.

இதை அலமாரி சொல்லாது. நூலகங்கள் நூல்களுக்கு எண் கொடுத்து அடுக்கும் டியூயி வகைப்பாட்டில் தமிழ் இலக்கியத்துக்கு 894.811. துப்பறியும் கதை, குடும்பக் கதை, சயாம் ரயில் பாதைக் கதை எல்லாமே அந்த எண்ணின் கீழ்தான் தோளோடு தோள் நிற்கும். 'ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர்' என்று 1931-இல் விதி வகுத்தவர் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் ரங்கநாதன். அந்த இரண்டு பேரையும் சேர்த்துவைக்க நடுவில் ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

அந்த ஆளின் வேலைக்கு என்ன பெயர்? 'அட்வைஸ்' என்பதன் வேர் பழைய பிரெஞ்சின் 'அவிஸ்'. 'எனக்கு இப்படிப் படுகிறது' என்ற அளவில்தான் அதன் பொருள். அதற்கும் அடியில் இருப்பது பார்த்தலைக் குறிக்கும் லத்தீன் சொல். வேடிக்கை என்னவென்றால், நம் 'ஆலோசனை'க்கு மூலமான வடசொல்லுக்கும் பார்த்தல் என்றே பொருள். இரண்டுமே கண்ணில் தொடங்கி, நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டன. 'பரிந்துரை' இன்னும் கொஞ்சம் நெருக்கமானது: பரிந்து உரைப்பது. ஆனால் அதில் வேலைக்குச் சிபாரிசு செய்யும் வாடை வீசுகிறது. யாருக்காகப் பரிகிறோம், வாசகருக்கா புத்தகத்துக்கா என்பதும் அதில் தெளிவில்லை.

என் கை போவது 'ஆற்றுப்படை'க்கு. ஆறு என்றால் வழி, வழிப்படுத்துவது ஆற்றுப்படை. சங்கப் பாடல்களில், பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையோடு எதிரே வரும் இன்னொரு பாணனுக்கு வள்ளலிடம் போகும் வழி சொல்வான். தொல்காப்பியம் இதைப் 'பெற்ற பெருவளம் பெறாஅர்க்கு அறிவுறீஇ' என்கிறது. தான் பெற்றதை, பெறாதவருக்குச் சொல்வது. புத்தகம் சொல்பவரும் அதைத்தானே செய்கிறார்? மேலே இருந்து பேசவில்லை, எதிரே வந்து நிற்கிறார். மலைபடுகடாம் என்ற ஆற்றுப்படை நூலில் வழி சொல்பவன் பன்றிப் பொறி எங்கே இருக்கும், கவண்கல் எங்கிருந்து பறந்து வரும் என்று இடர்களையும் சேர்த்தே சொல்கிறான். "முதல் அம்பது பக்கம் மெதுவாத்தான் போகும், பொறுத்துக்குங்க" என்பதும் அந்த வகைதான்.

'நூலாற்றுப்படை' என்றால் ஆகாதா என்று ஒரு நண்பர் கேட்டார். ஆகலாம், திருமுருகாற்றுப்படை யாரிடம் போகிறோமோ அவர் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் பொருநராற்றுப்படை, பாணாற்றுப்படை எல்லாம் வழி கேட்பவர் பெயரைத் தாங்குபவை. ஆகவே 'வாசகராற்றுப்படை'. செய்பவரை 'ஆற்றுப்படுத்துநர்' எனலாம். மனநலத் துறையினர் அதை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள் என்பதுதான் சிக்கல்.

கலைச்சொல் பட்டியலுக்கு 'வாசகராற்றுப்படை' போதும். பலகையில் அதை எழுதினால் பாட்டி கிட்டே வரமாட்டார். 'அடுத்து என்ன படிக்கலாம்?' என்று எழுதி மேசைமேல் வைத்திருக்கிறோம்.