திருட்டு மீன் மாட்டுவது கரையில்தான்

நடுக்கடலில் ஒரு கப்பல் மீன் பிடிக்கிறதா, சும்மா கடந்து போகிறதா? அது போகிற விதத்தை வைத்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம். சரக்குக் கப்பல் நேர்கோட்டில், ஏறக்குறைய ஒரே வேகத்தில் போகும். இழுவலைக் கப்பல் மணிக்கு மூன்று நான்கு கடல் மைல் வேகத்தில் ஒரே பரப்பைத் திரும்பத் திரும்ப அரித்துக்கொண்டிருக்கும். சுருக்குமடிக் கப்பல் மீன் கூட்டத்தைச் சுற்றி வட்டம் போடும். நீள்தூண்டில் கப்பல் பல கிலோமீட்டருக்குக் கயிற்றை விட்டுக்கொண்டே போய், பிறகு மெதுவாக அதைச் சுருட்டி எடுக்கும். இந்தத் தடங்களைக் கணினிக்குக் கற்றுக்கொடுத்து, உலகம் முழுக்க நடக்கும் மீன்பிடியை யாரும் பார்க்கும்படி 2016-இல் இணையத்தில் வைத்தது குளோபல் ஃபிஷிங் வாட்ச் என்ற அமைப்பு.

தடம் எங்கிருந்து கிடைக்கிறது? ஏஐஎஸ் என்ற கருவியிலிருந்து. கப்பலின் பெயர், இடம், வேகம் எல்லாவற்றையும் அது ரேடியோவில் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். கப்பல்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளாமல் இருப்பதற்காகச் செய்யப்பட்ட கருவி அது. திருடனைப் பிடிக்க அல்ல. அதனால் அதை அணைத்துவிடலாம், பொய்யான இடத்தையும் சொல்ல வைக்கலாம். பல சிறிய படகுகளுக்கு அது கட்டாயமும் இல்லை. 2024-இல் வெளியான ஓர் ஆய்வு செயற்கைக்கோள் படங்களையும் ஏஐஎஸ் பதிவுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தது. பெரிய மீன்பிடிக் கப்பல்களில் நான்கில் மூன்று பங்கு பொதுவில் தெரியும் கண்காணிப்பிலேயே இல்லை!

ஏஐஎஸ்ஸை அணைத்தாலும் கப்பலின் உடம்பை மறைக்க முடியாதே. ரேடார் செயற்கைக்கோளுக்கு மேகமும் இருட்டும் தடையில்லை. இரும்புக் கப்பல் கடல் பரப்பில் பளிச்சென்ற புள்ளியாகத் தெரியும். இரவில் கணவாய் பிடிக்கிறவர்கள் எரிக்கும் விளக்கு விண்வெளி வரைக்கும் தெரியும். வட கொரியக் கடலில் 2017-இல் 900-க்கும் மேற்பட்ட சீனக் கப்பல்கள் இருந்ததை இப்படித்தான், பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து, கண்டுபிடித்தார்கள். பிரெஞ்சு ஆய்வாளர்கள் இன்னொரு வழி பார்த்தார்கள். ஆல்பட்ராஸ் பறவைகள் மீன்பிடிக் கப்பலைத் தேடிப் போகும் பழக்கமுள்ளவை. அவற்றின் முதுகில் கப்பல்களின் ரேடார் அலையை உணரும் சின்னக் கருவியைக் கட்டி அனுப்பினார்கள். ரேடார் ஓடுகிறது, ஏஐஎஸ் சத்தமில்லை என்றால் அங்கே ஏதோ ஒளிந்திருக்கிறது. சர்வதேசக் கடலில் பறவைகள் கண்ட கப்பல்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அப்படிப்பட்டவை.

சரி, கண்டுபிடித்தாயிற்று. அப்புறம்? செயற்கைக்கோளுக்குக் கைவிலங்கு மாட்டத் தெரியாது. கரையிலிருந்து 200 கடல் மைல் வரைதான் ஒரு நாட்டின் மீன்பிடி அதிகாரம். அதைத் தாண்டிய சர்வதேசக் கடலில் ஒரு கப்பலைக் கேள்வி கேட்கும் உரிமை பொதுவாக அது யாருடைய கொடியைப் பறக்கவிடுகிறதோ அந்த நாட்டுக்கு மட்டுமே. கண்டுகொள்ளாத ஒரு நாட்டின் கொடியை வாங்கிக்கொண்டால் பாதிக் கவலை தீர்ந்தது. பெயரை மாற்றிப் பெயின்ட் அடித்தால் மீதியும் தீரும். சர்வதேசக் கடல்சார் அமைப்பின் ஏழு இலக்க ஐஎம்ஓ எண் இதற்காகவே: பெயரும் கொடியும் உரிமையாளரும் மாறினாலும் அந்தக் கப்பல் உடைக்கப்படும் வரை அதன் எண் மாறாது.

ஆனால் பிடித்த மீனை விற்றால்தானே காசு? அதற்கு ஏதோ ஒரு துறைமுகத்தில் இறக்கியாக வேண்டும். 2016 ஜூனில் நடைமுறைக்கு வந்த துறைமுக நாட்டு நடவடிக்கைகள் ஒப்பந்தம் கை வைப்பது அங்கேதான். வெளிநாட்டு மீன்பிடிக் கப்பல் உள்ளே வருமுன்பே உரிமம், பிடித்த இடம், சரக்கின் அளவு, நடுக்கடலில் வேறு கப்பலிடமிருந்து மீன் வாங்கியதா என்பதையெல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். சந்தேகம் வந்தால் துறைமுகம் அனுமதி மறுக்கலாம், அல்லது ஏறிச் சோதிக்கலாம். முறைகேடு தெரிந்தால் மீன் இறங்காது, டீசலும் கிடைக்காது. அதோடு அந்தச் செய்தி கொடி நாட்டுக்கும் மற்ற நாடுகளுக்கும் போகும். என் கணக்கில், வானத்திலிருக்கும் அத்தனை கண்களையும்விட அடுத்த துறைமுகத்துக்கு முன்கூட்டியே போய்ச் சேரும் இந்தக் காகிதம்தான் திருடனுக்குப் பெரிய தலைவலி.

எஸ்டிஎஸ்-50 என்ற கப்பலின் கதை இதற்கு நல்ல உதாரணம். அண்டார்டிக் கடல் ஆணையத்தின் கறுப்புப் பட்டியலில் இருந்தது அது. சீனாவில் மாட்டியது, தப்பியது. மொசாம்பிக்கில் ஆவணங்களைப் பறித்துக்கொண்டார்கள், அங்கிருந்தும் நழுவியது. ஆனால் ஒவ்வொரு இடத்திலும் கிடைத்த தகவலை இன்டர்போல் அடுத்தவர்களுக்குக் கடத்திக்கொண்டே இருந்தது. 2018 ஏப்ரலில் சுமத்ராவுக்கு அருகே இந்தோனேசியக் கடற்படை அதை மடக்கியது. செல்லுபடியாகும் கொடி எதுவும் இல்லாததால், தன்னுடைய கப்பல் என்று வாதாட ஒரு நாடும் வரவில்லை.

ஓட்டைகள் இன்னும் உண்டு. ஒப்பந்தத்தில் சேராத துறைமுகங்களும், சேர்ந்தும் சோதிக்க ஆளில்லாத துறைமுகங்களும் இருக்கின்றன. நடுக்கடலிலேயே குளிர்பதனக் கப்பலுக்கு மீனை மாற்றிவிட்டால் நல்ல மீனோடு திருட்டு மீனும் கலந்துவிடும். அதனால் இப்போது தடங்களைப் பார்ப்பவர்கள் வலை வீசும் கப்பலை மட்டும் தேடுவதில்லை. ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக மணிக்கணக்கில் நகராமல் நிற்கும் இரண்டு கப்பல்களையும் குறித்துவைத்து, குளிர்பதனக் கப்பல் போகும் துறைமுகத்துக்குத் தகவல் சொல்கிறார்கள்.