கழிப்பிடக் குழி காட்டிக்கொடுத்த முகாம்

1804 முதல் 1806 வரை அமெரிக்க மேற்கைக் கடந்து பசிபிக் வரை போய்த் திரும்பிய லூயிஸ், கிளார்க் குழு தங்கிய இடங்களுக்கு மண்ணில் என்ன சாட்சி மிச்சமிருக்கிறது என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கண்ணுக்குத் தெரிவது சொற்பம். எல்லோஸ்டோன் ஆற்றங்கரைப் பாறை ஒன்றில் கிளார்க் தன் பெயரையும் 1806 ஜூலை 25 என்ற தேதியையும் செதுக்கியிருக்கிறார். ஒரு குளிர்காலம் முழுக்கத் தங்கிய கிளாட்சாப் கோட்டையின் சரியான இடம்கூட இன்னும் உறுதியாகவில்லை. ஆனால் மொன்டானாவில், லோலோ ஓடைக்கரையில் இருந்த ‘டிராவலர்ஸ் ரெஸ்ட்’ முகாம் 2002 அகழ்வில் பிடிபட்டுவிட்டது. பிடித்துக் கொடுத்தது பாதரசம்.

பிலடெல்பியா மருத்துவர் பெஞ்சமின் ரஷ் தயாரித்த பேதி மாத்திரைகள் 50 டஜன் இவர்களுடைய மருந்துப் பெட்டியில் இருந்தன. அவற்றில் ஜாலப் என்ற வேரின் பொடியோடு கலோமெல், அதாவது மெர்குரஸ் குளோரைடு. நம் சித்த மருத்துவர்கள் பூரம் என்பது இதைத்தான். அதன் உடன்பிறப்பான மெர்குரிக் குளோரைடு, வீரம். வீரம் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 70 கிராம் கரையும். பூரம் சில மில்லிகிராம்தான். அதனால் விழுங்கிய பூரத்தின் பெரும்பகுதி ரத்தத்தில் சேராமல், பேதியோடு பேதியாக வெளியேறிவிடும். (‘வெளியேறிவிடுகிறதே, அப்புறம் என்ன பயம்’ என்று இன்றும் பாதரச மருந்து விற்பவர்கள் உண்டு. சேருகிற கொஞ்சமே சிறுநீரகத்துக்குப் போதும்.)

பிறகு கழிப்பிடக் குழிக்குள் நடப்பதுதான் அழகு. மலம் மூடிய மண்ணில் ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆக்சிஜன் இல்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் சல்பேட்டைத் தின்று ஹைட்ரஜன் சல்பைடை விடும். அழுகிய முட்டை வாடை அதுதான். பாதரசத்துக்குக் கந்தகத்தின்மேல் அப்படி ஒரு பற்று: இரண்டும் சேர்ந்து மெர்குரிக் சல்பைடு ஆகிவிடும். நாம் சிவப்பாகப் பார்க்கும் சாதிலிங்கத்தின் கறுப்பு வடிவம் இது. தண்ணீரில் ஏறக்குறைய கரையவே கரையாது. மட்கிய மலத்திலுள்ள கந்தகத் தொகுதிகளும் மிச்சப் பாதரசத்தைப் பற்றிக்கொள்ளும். 200 ஆண்டு மழையும் பனி உருகலும் நைட்ரேட்டையும் உப்பையும் கழுவிக்கொண்டு போக, பாதரசம் மட்டும் விழுந்த இடத்திலேயே கிடக்கும்.

அளப்பது சுலபம். மண்ணைச் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகும். அந்த ஆவி வழியே 253.7 நானோமீட்டர் புற ஊதா ஒளியைச் செலுத்தி எவ்வளவு விழுங்குகிறது என்று பார்க்கவேண்டும். கோட்டைவிடுவது அதற்கு முன்னால்தான். மாதிரியை அடுப்பில் வைத்து உலர்த்தினால் பாதரசத்தில் ஒரு பங்கு அங்கேயே பறந்துவிடும். சாதாரண பிளாஸ்டிக் பையில் நாள்கணக்கில் வைத்தாலும் கசியும். கண்ணாடிக் குப்பிதான் சரி. குழிக்கு வெளியிலிருந்தும் மண் எடுத்து ஒப்பிடாவிட்டால் அளவுக்கு அர்த்தமே இல்லை, ஏனென்றால் தங்கம் பிரிக்கப் பாதரசம் பயன்படுத்திய சுரங்கங்கள் பின்னாளில் மொன்டானாவில் நிறைய வந்தன.

கலோமெல் அந்த நூற்றாண்டில் எல்லார் வீட்டு மருந்து. ஆகவே பாதரசம் மட்டும் போதாது. அடுப்புக் குழிகளும் உருகிய ஈயமும் ஒரு நீலப் பாசிமணியும் அங்கே கிடைத்தன. நாட்குறிப்பும் ஒத்துப்போகிறது: 1806 ஜூலை 2 அன்று, இதே முகாமில், வீரர்கள் இருவர் மேகநோயால் (பால்வினை நோய்; அன்று அதற்கு மருந்து பாதரசம்) அவதிப்படுகிறார்கள் என்றும் வழியில் ஓய்வு கிடைக்கும்போது அவர்கள் தாராளமாகப் பாதரசம் எடுத்துக்கொள்ளலாம் என்றும் லூயிஸ் எழுதுகிறார்.

எனக்கு மிகப் பிடித்த சாட்சி வேறு. அன்றைய அமெரிக்க ராணுவத்தின் விதிநூல், ஜெனரல் ஸ்டூபன் எழுதியது, கழிப்பிடத்தை முகாமிலிருந்து 300 அடி தள்ளி வெட்டச் சொல்கிறது. பாதரசக் குழி சமையல் அடுப்புகளிலிருந்து ஏறக்குறைய அதே தூரத்தில் இருந்தது. அதுவரை முகாம் இருந்த இடம் என்று நினைவிடமாகக் குறித்து வைத்திருந்ததோ கிழக்கே, ஓடை பிட்டர்ரூட் ஆற்றில் கலக்கும் பக்கம். பிறகு நினைவிடத்தின் எல்லையை மாற்றி வரைந்தார்கள்.