வாய் திறக்கும் முன்பே திரும்பும் டயல்

அந்த இரண்டு பெண்களும் ஒரே காரில் வந்து இறங்கினார்கள். அடுத்தடுத்த வீடு, பிள்ளைகள் படிப்பது ஒரே பள்ளி. ஒருவர் சட்டையில் ஹிலாரி கிளின்டன் பேட்ஜ். மற்றவர் கைப்பையில் பெர்னி சாண்டர்ஸ் பேட்ஜ். இரண்டையும் கழற்றி மேசை இழுப்பறையில் போடச் சொன்னேன். எங்கள் அறையின் விதி அது. பேட்ஜைக் கழற்றியதும் மனிதர் நடுநிலைக்கு வந்துவிடுவார் என்ற நம்பிக்கை எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் சண்டைக்கு வராமல் இருப்பார் என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு.

2015 அக்டோபர் 13. ஒஹாயோ மாநிலத்தில் கொலம்பஸ் நகருக்கு வெளியே ஓர் ஓட்டலின் கூட்ட அறை. அன்று இரவு லாஸ் வேகாஸில் ஜனநாயகக் கட்சியின் முதல் உட்கட்சி விவாதம். அமெரிக்காவில் அதிபர் தேர்தலுக்கு முன்பு ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளர் யார் என்பதை மாநிலம் மாநிலமாக வாக்கெடுத்து முடிவு செய்யும். அதற்குப் போட்டியிடுகிறவர்கள் ஒரே மேடையில் நின்று வாதாடுவார்கள். அன்று மேடையில் கிளின்டன், சாண்டர்ஸ் உட்பட ஐந்து பேர். என் அறையில் கட்சி வாக்காளர்கள் முப்பது பேர், ஒவ்வொருவர் கையிலும் ஒரு டயல்.

என் தொழில் கருத்துக்கணிப்பு. அதிலும் இந்த டயல் கூட்டங்களை நடத்துவதுதான் பல ஆண்டுகளாக என் பிழைப்பு. கருவி மிக எளியது. நடுவில் 50, கேட்பது பிடித்தால் வலப்பக்கம் 100 வரை, பிடிக்காவிட்டால் இடப்பக்கம் பூஜ்ஜியம் வரை திருப்பலாம். முப்பது பேரின் சராசரி ஒரு கோடாக என் திரையில் ஏறி இறங்கும். வேண்டுமானால் தனித்தனிக் கோடுகளாகவும் பிரித்துப் பார்க்கலாம். நான் பிரித்துத்தான் பார்ப்பேன். அப்போதுதான் ஒன்று கண்ணில் படும். ஒரு சொல்லைக் கேட்டு, பொருள் புரிந்து, கை அசைய ஒரு மனிதருக்குச் சற்று நேரம் ஆக வேண்டும். ஆனால் தீவிர ஆதரவாளரின் டயல் கேமரா அந்த முகத்தின் பக்கம் திரும்பியதுமே திரும்பிவிடுகிறது. வேட்பாளர் இன்னும் வாயே திறந்திருக்க மாட்டார்.

அன்றைய விவாதத்தில் எல்லோரும் நினைவு வைத்திருக்கும் கட்டம் மின்னஞ்சல் விவகாரம். வெளியுறவு அமைச்சராக இருந்தபோது கிளின்டன் அரசுப் பணிக்குத் தன் சொந்த மின்னஞ்சல் சர்வரைப் பயன்படுத்தியது மாதக்கணக்கில் செய்தியாக ஓடிக்கொண்டிருந்தது. நெறியாளர் அதைக் கேட்டார். கிளின்டன் பதில் சொல்லி முடித்ததும், போட்டியாளரான சாண்டர்ஸ் அதைப் பிடித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தால், உங்கள் பாழாய்ப்போன மின்னஞ்சல்களைப் பற்றிக் கேட்டுக் கேட்டு மக்கள் சலித்துவிட்டார்கள் என்று அவர் குரலை உயர்த்தினார். கிளின்டன் சிரித்தபடி, எனக்கும்தான் என்றார். கை குலுக்கிக்கொண்டார்கள். அரங்கம் அதிர்ந்தது. என் திரையில் கோடு கூரையைத் தொட்டது. தனிக்கோடுகளைப் பார்த்தேன். அந்த இரு தோழிகளின் கோடுகளும் ஒட்டிப் பிறந்தவை போல உச்சியில் கிடந்தன.

கூட்டம் முடிந்ததும் இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். சாண்டர்ஸ் பேட்ஜ்காரர் சொன்னார்: “எதிராளியை அடிக்க வாய்ப்புக் கிடைத்தும் அடிக்கவில்லை, பாருங்கள். அந்த இடத்திலேயே அவர் ஜெயித்துவிட்டார்.” கிளின்டன் பேட்ஜ்காரர் சொன்னார்: “எதிராளியே வந்து வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார். அந்த நொடியிலேயே அவர் ஜெயித்துவிட்டார்.” இருவரும் சொன்ன ‘அவர்’ வேறு வேறு. வாடிக்கையாளருக்கு நான் கொடுக்கப்போகும் வரைபடத்திலோ அது ஒருமித்த பாராட்டு. இருபக்கமும் வெற்றி என்று கொண்டாடுவதை ஒரே கோடாக வரைந்து காசு வாங்குகிறோமே என்று அன்று எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது.

மறுநாள் காலை நான் காபி ஊற்றும் முன்பே அண்ணன் மகனின் அழைப்பு. கல்லூரி இரண்டாம் ஆண்டு, சாண்டர்ஸ் பக்தன்.

“அத்தை, இணைய வாக்கெடுப்பு எல்லாவற்றிலும் அவர்தான் முன்னால் இருக்கிறார். பத்திரிகைக்காரர்கள் எல்லோரும் ஹிலாரி ஜெயித்தார் என்று எழுதுகிறார்கள். உங்கள் துறையும் அதற்கு உடந்தையா?”

அவன் சொன்ன இரண்டு செய்திகளும் உண்மை. செய்தித்தளங்கள் வைத்த திறந்த வாக்கெடுப்புகளில் சாண்டர்ஸ் வெகுதூரம் முன்னால் இருந்தார். அரசியல் விமர்சகர்களில் பெரும்பாலோர் கிளின்டன் பக்கம் தீர்ப்பு எழுதினார்கள். சில நாள் கழித்து வந்த முறையான கணிப்புகளும் கிளின்டன்தான் என்றன. சதி என்று அவனுக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

திறந்த வாக்கெடுப்பில் உள்ள ஓட்டை எல்லோருக்கும் தெரிந்தது. வாசலைத் திறந்து வைத்துவிட்டு, உள்ளே வந்தவர்களை எண்ணி ஊர்க் கருத்து என்கிறோம். யாருக்கு ஆர்வம் அதிகமோ அவர் வருவார், நண்பர்களுக்கு இணைப்பை அனுப்புவார், வீட்டில் இருக்கிற மூன்று கருவிகளிலும் ஒவ்வொரு முறை அழுத்துவார். அதில் தெரிவது ஆதரவாளர்களின் சுறுசுறுப்பு. சுறுசுறுப்பும் அரசியலில் ஒரு செய்திதான்; ஆனால் அது விவாதத்தைப் பற்றிய செய்தியாகாது.

இதை விளக்கிவிட்டு, எல்லா வகை வாக்காளர்களிலிருந்தும் சிலரைத் தேர்ந்தெடுத்துக் கேட்கும் எங்கள் மாதிரிக் கணிப்பு சுத்தம் என்று அவனிடம் மார்தட்டியிருக்கலாம். மனம் வரவில்லை. விவாதத்துக்கு முன்பே நாடு முழுவதும் ஜனநாயகக் கட்சி வாக்காளர்களிடம் கிளின்டனுக்கு நல்ல முன்னிலை இருந்தது. ஒவ்வொருவரும் விவாதத்தைப் பார்க்காமலேயே தன் ஆளின் பெயரைச் சொல்லியிருந்தாலும், எங்கள் கணக்கில் கிளின்டன்தான் ‘வென்றிருப்பார்’. மாதிரியை எவ்வளவு கவனமாக எடுத்தாலும், கேள்வி பழைய விருப்பத்தைத்தான் கிளறுகிறது என்றால், கிடைப்பது பழைய விருப்பத்தின் துல்லியமான அளவு. அவ்வளவே.

நம் பட்டிமன்றத்தில் நடுவர் என்று ஒருவர் இருக்கிறார். தீர்ப்பு பிடிக்காவிட்டால் அவரைத் திட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். அமெரிக்க விவாத மேடையில் நெறியாளருக்குக் கேள்வி கேட்கவும் மணியடிக்கவும் மட்டுமே அதிகாரம். மதிப்பெண் பலகை கிடையாது. அதனால் ‘யார் வென்றார்’ என்று கேட்டால், ஒருவர் நன்றாகப் பேசியவரின் பெயரைச் சொல்கிறார். இன்னொருவர் யாருக்கு ஆதரவு கூடும் என்று ஊகித்துச் சொல்கிறார். பெரும்பாலோர் தமக்குப் பிடித்தவரைச் சொல்லிவிட்டு, யார் நன்றாகப் பேசினார் என்ற கேள்விக்கே பதில் சொன்னதாக உண்மையாகவே நம்புகிறார்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை. இதைத்தான் புதிதாகப் பணிக்கு வருகிறவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

இதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. 1951 நவம்பரில் பிரின்ஸ்டன், டார்ட்மவுத் பல்கலைக்கழகங்களுக்கு இடையே அமெரிக்கக் கால்பந்து ஆட்டம். முரட்டு ஆட்டம், பிரின்ஸ்டன் நட்சத்திர வீரருக்கு மூக்கு உடைந்தது, டார்ட்மவுத் வீரர் ஒருவருக்குக் கால். பிறகு ஹாஸ்டார்ஃப், கான்ட்ரில் என்ற இரு உளவியலாளர்கள் அந்த ஆட்டத்தின் ஒரே படச்சுருளை இரு பல்கலைக்கழக மாணவர்களுக்கும் போட்டுக் காட்டி, விதிமீறல்களை எண்ணச் சொன்னார்கள். டார்ட்மவுத் அணியின் மீறல்கள் டார்ட்மவுத் மாணவர் கணக்கில் சராசரி 4.3, பிரின்ஸ்டன் மாணவர் கணக்கில் 9.8. இவர்கள் கருத்துச் சொல்லவில்லை, எண்ணினார்கள். எண்ணிக்கையிலேயே இரண்டு மடங்கு வேறுபாடு வரும்போது, ‘யார் நன்றாகப் பேசினார்’ என்பதில் எங்கே ஒற்றுமை தேடுவது?

உட்கட்சி விவாதத்தில் இன்னும் ஒரு சிக்கல். எல்லோரும் ஒரே கட்சி என்பதால் கட்சிப் பெயரைப் பார்த்துக் கை தூக்க முடியாது. அப்போது பிரிவினை கட்சிக்குள்ளேயே நுணுக்கமாக இறங்கிவிடுகிறது. 2023 ஆகஸ்ட் 23 அன்று மில்வாக்கியில் குடியரசுக் கட்சி விவாதம். மேடையில் எட்டுப் பேர். நிக்கி ஹேலிதான் அசத்தினார் என்று பல விமர்சகர்கள் எழுதினார்கள். விவேக் ராமசாமியைப் பார்த்து, வெளியுறவில் உங்களுக்கு அனுபவம் இல்லை, அது தெரிகிறது என்று அவர் சொன்ன துணுக்கு உலகம் சுற்றியது. விவாதத்தைப் பார்த்த குடியரசுக் கட்சி வாக்காளர்களிடம் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ், ஃபைவ்தர்ட்டிஎய்ட் இணையதளம், இப்ஸோஸ் கணிப்பு நிறுவனம் மூன்றும் சேர்ந்து எடுத்த கணிப்பிலோ மேடையில் நின்ற இன்னொரு வேட்பாளரான ரான் டிசாண்டிஸுக்கு 29 சதவீதம், ராமசாமிக்கு 26, ஹேலிக்கு 15. விவாதத்துக்கே வராத டிரம்ப்தான் கடைசியில் வேட்பாளர் ஆனார். அந்த வாரம் என் வாட்ஸாப் குழுக்களில் ஒரு பக்கம் ராமசாமியின் பாலக்காட்டுத் தமிழ் வேர், இன்னொரு பக்கம் ஹேலியின் பஞ்சாபி வேர். யார் வென்றார் என்பதை அவரவர் மாமியார் ஊரே தீர்மானித்துவிட்டது.

எதிர்க்கட்சிக்காரர்கள் பார்க்கிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. 2015 ஆகஸ்டில் கிளீவ்லாந்தில் நடந்த குடியரசுக் கட்சி விவாதத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் சுமார் 2 கோடியே 40 லட்சம். அத்தனை பேரும் அந்தக் கட்சி வாக்காளர்களாக இருக்க வழியில்லை. இதுபோன்ற விவாதத்துக்கு மாற்றுக் கட்சியினரை என் அறையில் உட்கார வைத்தால், தம் கட்சி எளிதில் தோற்கடிக்கக்கூடியவரையோ, தம் கருத்துக்கு அருகில் இருப்பவரையோதான் ‘வென்றவர்’ என்று எழுதித் தருகிறார்கள். ஆகவே கணிப்பு முடிவு ஒன்றைப் பார்த்தால் சதவீதத்துக்கு முன் கீழே உள்ள சிறிய எழுத்தைப் படியுங்கள். யாரிடம் கேட்டார்கள், விவாதத்தைப் பார்த்தவர்களிடமா, துணுக்குகளைப் பார்த்தவர்களிடமா, அன்றிரவா, நான்கு நாள் கழித்தா?

நாள் கணக்குக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்றால், 1976-இல் அதிபர் ஃபோர்டும் அவரை எதிர்த்துப் போட்டியிட்ட கார்ட்டரும் மோதிய இரண்டாவது விவாதத்தில் கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கம் இல்லை என்று ஃபோர்டு சொல்லிவிட்டார். அது பொதுத்தேர்தல் விவாதம். பாடம் இங்கும் பொருந்தும். முடிந்த கையோடு கேட்டபோது ஃபோர்டு முன்னால் இருந்தார். தொலைக்காட்சியும் செய்தித்தாள்களும் அந்தப் பிழையை ஒரு நாள் முழுக்க அலசிய பிறகு கேட்டபோது கார்ட்டர் வெகுதூரம் போய்விட்டார். விவாதம் மாறவில்லை, அடுத்தவர் என்ன சொல்கிறார் என்பது காதில் விழுந்துவிட்டது.

கைதட்டலும் அப்படித்தான். 1984 தேர்தல் விவாதத்தில் அதிபர் ரீகன், எதிராளியின் இளமையையும் அனுபவமின்மையையும் அரசியல் லாபத்துக்குப் பயன்படுத்த மாட்டேன் என்று சொல்லி, தன் 73 வயதைப் பற்றிய கேள்வியைச் சிரிப்பாக்கினார். பின்னாளில் ஆய்வாளர்கள் அந்தப் பதிவில் அரங்கின் சிரிப்பையும் கைதட்டலையும் மட்டும் நீக்கிக் காட்டியபோது, அதே சொற்களுக்கு ரீகனின் மதிப்பெண் சரிந்தது. அரங்க டிக்கெட்டுகள் பெரும்பாலும் கட்சிக்காரர்களின் கைகளுக்குத்தான் போகின்றன என்பது நினைவிருக்கட்டும். 2020 மார்ச் 15 அன்று பைடனும் சாண்டர்ஸும் கொரோனாவால் ஆளில்லாத ஸ்டுடியோவில் விவாதித்தார்கள். எந்த இடத்தில் மகிழ வேண்டும் என்று தெரியாமல் நானே இரண்டு மணி நேரம் திண்டாடினேன்.

வென்றவரில் இத்தனை சண்டை இருந்தாலும் தோற்றவரில் ஒற்றுமை வருவதுண்டு. 2011 நவம்பரில் மிச்சிகனில் நடந்த குடியரசுக் கட்சி விவாதத்தில், அதிபரானால் ஒழிக்கப்போகும் மூன்று அரசுத் துறைகளில் மூன்றாவதன் பெயர் நினைவுக்கு வராமல் ரிக் பெர்ரி திணறியபோது அவர் ஆதரவாளர்களே முகத்தை மூடிக்கொண்டார்கள். மறந்தது எரிசக்தித் துறை. ஆறே ஆண்டுகளில் அதற்கே அமைச்சர் ஆனார் என்பது வேறு கதை. 2016 பிப்ரவரியில் நியூ ஹாம்ப்ஷயரில் அதே கட்சியின் விவாதத்தில் மார்கோ ரூபியோ ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி மாட்டிக்கொண்டார். மூன்று நாள் கழித்து அந்த மாநில வாக்கெடுப்பில் ஐந்தாம் இடம் வந்தபோது, விவாதத்தில் சரியாகச் செய்யவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். விருப்பத்தையும் மீறித் தெரியும் அளவுக்குச் சறுக்கல் பெரிதாக இருந்தால் டயல் உண்மையைப் பேசும். அதற்குக் கீழே உள்ள எல்லாமே மங்கல்.

அண்ணன் மகனுக்கு நான் சொல்லிக்கொடுத்தது ஒரு சின்னப் பழக்கம். விவாதம் தொடங்கும் முன் யார் வெல்வார் என்று நினைக்கிறாயோ அந்தப் பெயரைத் தாளில் எழுதி மடித்து வை. பார்க்கும்போது கைபேசி வேறு அறையில் இருக்கட்டும். முடிந்ததும், உனக்குப் பிடிக்காதவர் சொன்னதில் மிக நல்ல பதில் எது என்று இரண்டு வரி எழுது. எழுத வரவில்லையென்றால் நீ பார்த்தது விவாதத்தை இல்லை. அதன் பிறகு மடித்த தாளைப் பிரி.

முதல் சில விவாதங்களில் தாளில் இருந்த பெயரும் அவன் அறிவித்த வெற்றியாளரும் ஒருவரேதான். 2020 பிப்ரவரி 19, மறுபடியும் லாஸ் வேகாஸ், மறுபடியும் ஜனநாயகக் கட்சி விவாதம். விளம்பரத்துக்குக் கோடிக்கணக்கில் டாலர் கொட்டிய மைக்கேல் ப்ளூம்பெர்க் முதன்முறையாக விவாத மேடை ஏறினார். தொடங்கிய சில நிமிடங்களிலேயே சக வேட்பாளர் எலிசபெத் வாரன், பெண்களைப் பற்றி ப்ளூம்பெர்க் பேசியதாகச் சொல்லப்பட்டவற்றை எடுத்து அவர் முகத்துக்கு நேரே அடுக்கினார். ப்ளூம்பெர்க்குக்குச் சரியான பதில் வரவில்லை. அன்று என் அறையில் ப்ளூம்பெர்க் ஆதரவாளர்களின் டயல்கள்கூட நடுவிலிருந்து இடப்பக்கம் இறங்கின. மார்ச் 4 அன்று ப்ளூம்பெர்க் விலகினார். மறுநாள், அந்த விவாதத்தில் வென்றவர் என்று பலரும் கைகாட்டிய வாரனும் விலகினார்.

அந்த விவாதம் முடிந்த இரவு அண்ணன் மகனே அழைத்தான்.

“அத்தை, யார் தோற்றார் என்று தெரிகிறது. யார் ஜெயித்தார் என்றுதான் தெரியவில்லை.”

“பிடிக்காதவரின் நல்ல பதில் எழுதினாயா?”

“வாரன் பேச ஆரம்பித்ததும் எழுத மறந்துவிட்டேன், அத்தை.”

“மடித்து வைத்த தாள்?”

கொஞ்ச நேரம் அமைதி. “அதை இன்னும் பிரிக்கவில்லை,” என்றான்.